எம்ஜிபி இரட்டை எஸ்யு கார்பு: ஐடில் இறங்க மறுக்கிறது, பின் கார்பு வழிகிறது

குரோம்பம்பர்67:

வணக்கம். வண்டி 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, 18ஜிபி இன்ஜின். இரட்டை எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டர். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிகள் பிஸ்டனில் அசையாமல் இறுகி நிற்கும் பழைய வகை; ஸ்பிரிங் வைத்துச் சாய்ந்து நிற்கும் பிற்கால வகை இல்லை. வண்டி இங்கிலாந்தில் இருக்கிறது. சூப்பர் இ5 (எத்தனால் 5 சதவீதம் வரை கலந்த) பெட்ரோல்தான் போடுகிறேன்.

போன மாதம் இரண்டு கார்பையும் இறக்கி, கழுவி, ரீபில்டு கிட் போட்டுப் பூட்டினேன். ஜெட் (ஊசி இறங்கும் பெட்ரோல் குழாய்), ஊசி, ஃப்ளோட் வால்வு (மிதவையால் பெட்ரோல் வரத்தை அடைப்பது), பேக்கிங் எல்லாம் புதிது. பிஸ்டன், டேஷ்பாட் (பிஸ்டன் ஏறி இறங்கும் மேல் கூடு) எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன். டேஷ்பாட்டுக்குள் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான) ஆயில் விட்டிருக்கிறேன். பழைய பெட்ரோல் பம்ப் நின்றுவிட்டதால் கடையில் கிடைத்த பொதுவான எலக்ட்ரானிக் பம்ப் மாட்டியிருக்கிறது.

இப்போது உள்ள தொல்லைகள்: ஆக்ஸிலேட்டரை விட்டால் ஐடில் (மிதிக்காதபோது ஓடும் வேகம்) உடனே இறங்குவதில்லை, 1500இல் தொங்கிக்கொண்டு நிற்கிறது, பிறகு 900க்கு வருகிறது, மறுபடி ஏறுகிறது. பின் கார்பின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. 1, 2 ப்ளக் வெள்ளையாக, 3, 4 ப்ளக் கரி பிடித்து வருகின்றன. 2000 ஆர்பிஎம்மில் சட்டென்று மிதித்தால் கார்பு வழியாகத் தும்முகிறது. சூடான வண்டியை நிறுத்தி 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது.

மிக்சர் நட்டை (பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) ஒரு வாரமாகத் திருகிக்கொண்டிருக்கிறேன். எந்த வரிசையில் போவது என்று சொல்லுங்கள்.

---

ஊசிமுனை:

முதலில் மிக்சர் நட்டை விட்டுக் கையை எடுங்கள். அது கடைசி வேலை. ஏர் லீக் இருக்கும்போதோ, பெட்ரோல் மட்டம் தப்பாக இருக்கும்போதோ நட்டைத் திருகினால் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடுவதாகத்தான் முடியும்.

இந்த இன்ஜினின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் ப்ளக்குகள் சொல்வது புரியும். பி-சீரிஸ் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் துளைகள். 1, 2 சேர்ந்து ஒரு துளை, 3, 4 சேர்ந்து ஒரு துளை. முன் கார்பு முதல் இரண்டுக்கும், பின் கார்பு அடுத்த இரண்டுக்கும். நடுவில் ஒரு பேலன்ஸ் குழாய் இரண்டையும் இணைக்கிறது. ஆக, உங்களிடம் இருப்பது ஒரே தொல்லை இல்லை. முன் கார்பு பட்டினி, பின் கார்பு வெள்ளம். இரண்டுக்கும் காரணம் தனித்தனி.

கார்பைத் தொடும் முன் இக்னிஷனையும் டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) சரிபார்த்துவிடுங்கள். டேப்பட் இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம். எட்டு வால்வு என்பதால் கூட்டினால் ஒன்பது வரும் கணக்கு: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யலாம், 3 திறந்திருக்கும்போது 6ஐ. லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், ட்வெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) இருந்தால் 60 டிகிரி, மூன்று கூடக் குறைய இருக்கலாம். ப்ளக் இடைவெளி 0.025. ஹை கம்ப்ரெஷன் இன்ஜினுக்கு ஸ்டாட்டிக் டைமிங் (இன்ஜின் ஓடாத நிலையில்) 10 டிகிரி பிடிடிசி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்; ப்ளக் பொறியோடு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் 600 ஆர்பிஎம்முக்கு 14 டிகிரி. வாக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியில் டைமிங் குறிகள் க்ராங்க் புல்லிக்கு அடியில், பார்க்கக் கஷ்டமான இடத்தில் இருக்கும். புல்லியின் வெட்டில் ஒரு துளி வெள்ளை பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோப் பிடிக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஐடிலில் அந்த வெள்ளைப் புள்ளி ஓர் இடத்தில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் அலைந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வேகம் கூடினால் டைமிங் முன்னேறும், டைமிங் முன்னேறினால் வேகம் இன்னும் கூடும். ஐடில் 1500இல் தொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பார்ப்பவருக்குக் கார்பு கோளாறு மாதிரியே தெரியும்.

அடுத்து ஏர் லீக். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது த்ராட்டில் ஸ்பின்டில் (காற்றைத் திறந்து மூடும் பட்டர்ஃப்ளை தகட்டின் தண்டு) கார்பு உடம்புக்குள் நுழையும் நான்கு முனைகளிலும் (ஒவ்வொரு கார்பிலும் இரண்டு) கார்பு க்ளீனரைச் சிறு பீய்ச்சலாக அடியுங்கள். ஆர்பிஎம் மாறினால் அங்கே காற்று நுழைகிறது. இந்தத் திரவம் தீப்பிடிக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதே பக்கத்தில்தான் இருக்கிறது; தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஸ்பின்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் தட்டும் அளவு ஆட்டம் இருந்தால் புது ஸ்பின்டில் தேவை. பித்தளை ஸ்பின்டில்தான் பெரும்பாலும் முதலில் தேயும். புது ஸ்பின்டிலைச் செருகியும் ஆடினால் உடம்பு தேய்ந்திருக்கிறது. அதை ரீமர் போட்டு புஷ் அடிக்க வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும் என்பதால் கை ட்ரில்லில் செய்யும் வேலை இல்லை, லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பட்டர்ஃப்ளை தகட்டைக் கழற்றினால், அதன் இரண்டு திருகாணிகளின் பிளந்த நுனியை மறுபடி விரித்துப் பயன்படுத்தாதீர்கள். புதுசு போட்டு நுனியை விரியுங்கள். கழன்று விழுந்தால் நேராக சிலிண்டருக்குள்தான் போகும். தகட்டில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு ஒன்று பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிற்கால கார்புகளில் அது உண்டு. அது சரியாக மூடாவிட்டாலும் ஐடில் இறங்காது. வால்வு இல்லாத வெறும் தகடு மாற்றினால் தீர்ந்தது.

---

பி_சீரிஸ்_பித்தன்:

ஊசிமுனை சொன்ன ஏர் லீக் பட்டியல்ல முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு. 1964லேருந்து 1968 வரைக்கும் வந்த எம்ஜிபில, இன்லெட் மேனிஃபோல்டு மேலேயே வட்டமா ஒரு க்ராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வு உட்காந்திருக்கும். பிசிவி வால்வு. உள்ள ஒரு ரப்பர் டயஃப்ரம். அது கிழிஞ்சா மேனிஃபோல்டுக்கே நேரா வெளிக்காற்று போகும். ஐடில் ஏறி இறங்குறதுக்கு உங்க வண்டியில நான் முதல்ல சந்தேகப்படுறது அதைத்தான்.

சோதிக்கிறது சுலபம். இன்ஜின் நல்லா சூடானதும் ஐடில்ல விட்டு, ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. வால்வு நல்லா இருந்தா வேகம் காதுக்குத் தெரியுற மாதிரி சுமார் 200 ஆர்பிஎம் ஏறணும். ஒரு மாற்றமும் இல்லைன்னா வால்வு வேலை செய்யலை. மேல இருக்கிற கம்பிக் கிளிப்பை எடுத்து மூடியைத் தூக்கினா டயஃப்ரம் கைக்கு வந்துடும். வெளிச்சத்துல பிடிச்சு, விளிம்பு மடிப்பை விரலால இழுத்துப் பாருங்க. கிழிசல் அந்த மடிப்புலதான் வரும், சும்மா மேலாகப் பார்த்தா தெரியாது. இன்னும் உறுதி வேணும்னா வால்வையே கழட்டிட்டு மேனிஃபோல்டு துளையை ஒரு ப்ளக் போட்டு அடைச்சு ஓட்டிப் பாருங்க. ஐடில் இறங்கி அமைதியா நின்னா விஷயம் முடிஞ்சது.

இந்த அமைப்புல ஆயில் மூடியும் ஓர் உறுப்புதான். உள்ள ஃபில்டர் வெச்சு, அளவான துளை வழியா காற்று விடுற மூடி அது. காற்றே விடாத மூடியைப் போட்டா க்ராங்க்கேஸ்ல உறிஞ்சல் கூடிப்போகும். ஓட்டை மூடியைப் போட்டா மிக்சர் வெளுக்கும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். மாத்தும்போது அதுக்குரியதையே வாங்குங்க.

பிரேக் சர்வோ மாட்டியிருந்தா அதோட ஹோஸையும் ஒரு தடவை அடைச்சுப் பாத்துடுங்க.

நம்ம ஊர் அம்பாசடர்ல ஓடின 1489 சிசி இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதுல கை வெச்சுப் பழகின மெக்கானிக்குக்கு இந்த ஹெட்டும் டேப்பட்டும் புதுசா இருக்காது. இரட்டை கார்பை இணைக்கிற லிங்க் வேலைதான் கூடுதல்.

---

பெட்ரோல்வாசம்:

பின் கார்பு வழிவதைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: அந்தப் புதுப் பம்ப். எஸ்யு ஃப்ளோட் வால்வு சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தாங்காது. பொதுவாகக் கிடைக்கும் எலக்ட்ரானிக் பம்புகளில் பல அதைவிட அதிகமாகத் தள்ளும். ஃப்ளோட் என்னதான் மேலே மிதந்தாலும் பம்ப் ஊசியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். கார்பு நுழைவாயிலில் ஒரு டி குழாய் வைத்துக் குறைந்த அழுத்த கேஜ் மாட்டிப் பாருங்கள். கூட இருந்தால் ரெகுலேட்டர் போடலாம், ஆனால் எஸ்யு வகைப் பம்பையே திரும்ப மாட்டுவது மேல்.

எஸ்யு பம்ப் மாட்டியதில் இன்னொரு வசதி, அதன் டிக் டிக் சத்தமே நமக்கு ஒரு மீட்டர். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு (இல்லாவிட்டால் பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் காயில் சூடாகிவிடும்) சாவியைத் திருப்புங்கள். பம்ப் சிறிது நேரம் வேகமாகத் தட்டி, ஃப்ளோட் சேம்பர்கள் நிறைந்ததும் அடங்க வேண்டும். அதன்பின் எப்போதாவது ஒரு தட்டு பரவாயில்லை. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் போய்க்கொண்டிருக்கிறது: ஃப்ளோட் வால்வு அடைக்கவில்லை, அல்லது வழியில் லீக்.

அழுத்தம் சரியாக இருந்தும் வழிந்தால் ஃப்ளோட் மூடியைக் கழற்றுங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடை ஊசியின் மேல் உட்காரும். அப்போது மூடியின் விளிம்புக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவில் 1/8 அங்குலத்திலிருந்து 3/16 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். ட்ரில் பிட்டின் தண்டுப் பகுதியே இதற்கு நல்ல அளவுகோல். இரும்புக் கை வைத்த ஃப்ளோட் என்றால் கையை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். முழுக்க நைலானில் வார்த்தது என்றால் வளைக்கவே கூடாது. வால்வு சீட்டுக்கு அடியில் வாஷர் சேர்த்தால் பெட்ரோல் மட்டம் இறங்கும், எடுத்தால் ஏறும். எந்த முறையானாலும் இரண்டு கார்பிலும் ஒரே இடைவெளி வர வேண்டும். அதுதான் எண்ணைவிட முக்கியம்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே களக் களக் என்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது.

வால்வு சீட்டில் கறுப்புத் துகள்கள் இருந்தால் குழாய்தான் உதிர்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து கரைக்கும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது. நீங்கள் போடும் இ5 பரவாயில்லை என்றாலும் டாங்கிலிருந்து கார்பு வரை எல்லா ரப்பரையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். மாற்றாமல் வால்வை மட்டும் துடைத்து மாட்டினால் அடுத்த மாதமும் இதே கேள்வி வரும்.

சொட்டுவது உண்மையிலேயே ஓவர்ஃப்ளோ குழாயில்தானா என்றும் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஜெட்டிலிருந்து ஃப்ளோட் சேம்பரின் அடிக்கு ஒரு நைலான் குழாய் போகிறதே, அதன் நுனி ரப்பர் வளையத்தைத் தாண்டிக் குறைந்தது 3/16 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் அங்கே கசியும். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடவே போடாதீர்கள்.

---

ஊசிமுனை:

இப்போது முன் கார்பு. "ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை நிறுத்திய வரி அதுதான். எஸ்யுவில் பிஸ்டனும் டேஷ்பாட்டும் ஜோடி. இடைவெளி அவ்வளவு நுணுக்கமாக இருக்கும், ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றின் டேஷ்பாட்டில் சரியாக ஓடாது. இடம் மாறியிருந்தால் ஒன்று உரசும், இன்னொன்றில் காற்று கசியும்.

கண்டுபிடிக்க வழி: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிஸ்டனில் உள்ள இரண்டு காற்றுத் துளைகளையும் களிமண் போன்ற எதையாவது வைத்து அடையுங்கள். பிஸ்டனை டேஷ்பாட்டுக்குள் முழுக்கச் செருகி, டேம்பரை (டேஷ்பாட் மூடியோடு வரும், ஆயிலுக்குள் நிற்கும் தண்டு) பூட்டி, தலைகீழாகப் பிடித்தால் டேஷ்பாட் தன் எடையால் மெல்ல இறங்கும். எச்எஸ்4க்கு அது 5 முதல் 7 வினாடி எடுக்க வேண்டும். இரண்டு பிஸ்டன், இரண்டு டேஷ்பாட், நான்கு சேர்க்கை. எந்தச் சேர்க்கையில் இரண்டுமே அளவுக்குள், ஏறக்குறைய ஒரே நேரம் வருகிறதோ அதுதான் பழைய ஜோடி. உள்பக்கத்தை எமரி, ஸ்டீல் கம்பளி எதனாலும் தேய்க்கக் கூடாது. தின்னரும் துணியும் போதும். பிஸ்டனின் தண்டில் மட்டும் ஒரு துளி மெல்லிய எண்ணெய். பெரிய வட்டத்தில் எண்ணெயே வேண்டாம், தூசி பிடித்து ஒட்டும்.

ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்ஜிபிக்கு நுனியில் சிவப்பு பூசியது, நாலரை அவுன்ஸ். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று இருந்தால் எந்த மிக்சரும் நிற்காது.

அடுத்து ஊசி. ஊசியின் கழுத்தில் ஒரு தோள் இருக்கும். அந்தத் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக நிற்க வேண்டும், விரல் நகத்தால் தடவினால் படி தட்டக் கூடாது. ஊசி கீழே இறங்கித் தொங்கினால் தடித்த பகுதி ஜெட்டை அடைக்கும், மிக்சர் வெளுக்கும். நட்டின் ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) என்பது அங்குலத்தில் ஆயிரத்துக்கு ஆறு மாதிரிதான் நகரும். ஆக ஊசி 1 மிமீ தொங்கினால் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுக்குச் சமம். நீங்கள் ஒரு வாரம் திருகியும் கிடைக்காதது அங்கே ஒளிந்திருக்கலாம். இரண்டு ஊசியிலும் ஒரே குறியெழுத்து பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்களுடையது அசையாத ஊசி என்பதால் ஜெட்டை மையப்படுத்தியே ஆக வேண்டும். கிட்டோடு வரும் தாளில் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் முழு வேலையின் உயிரே இதுதான். சோக் லிங்கைக் கழற்றி, ஜெட்டைக் கீழே இழுத்து, சரிசெய்யும் நட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் நட்டை மட்டும் மேலே முழுக்க ஏற்றி ஜெட்டைத் திரும்பச் செருகுங்கள். இப்போது மேலே உள்ள பெரிய பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெட் தாங்கி விரலால் திரும்பும் அளவுக்கு விடுங்கள். டேம்பரை எடுத்துவிட்டு, மேல் துளை வழியாக ஒரு பென்சிலால் பிஸ்டனை மெல்லக் கீழே அழுத்தி, ஜெட்டை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தபடியே பூட்டு நட்டை இறுக்குங்கள்.

பிறகு பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். டக் என்று உலோகம் உலோகத்தில் அமரும் சத்தம் சுத்தமாகக் கேட்க வேண்டும். ஜெட் மேலே இருக்கும்போது ஒரு தடவை, ஜெட்டைக் கீழே இழுத்து வைத்து ஒரு தடவை. ஜெட் கீழே இருக்கும்போது டக் கேட்டு, மேலே இருக்கும்போது மந்தமாகத் தப் என்று விழுந்தால் ஊசி ஜெட்டைத் தொடுகிறது. மறுபடி தளர்த்திச் செய்யுங்கள். நான்கைந்து தடவை ஆவது சகஜம். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கோடு தெரிந்தால் அது உரசிய தடம். அந்த ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

---

குரோம்பம்பர்67:

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்தேன்.

ஆயில் மூடியைத் திறந்தால் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிசிவி டயஃப்ரம் மடிப்பில் கால் வட்டத்துக்குக் கிழிந்திருக்கிறது. டைமிங் புள்ளி அலையவில்லை. பெட்ரோல் அழுத்தம் 5 பிஎஸ்ஐ காட்டுகிறது. பின் கார்பு ஃப்ளோட் இடைவெளி சரி, வால்வில் துகள் இல்லை.

இறங்கும் நேரம் இப்போது இருக்கும் சேர்க்கையில் முன்னால் 11 வினாடி, பின்னால் 3. மாற்றிப் பார்த்தால் 6, 6. முன் ஊசியின் தோள் 1 மிமீ போலத் தொங்குகிறது, அதன் ஒரு பக்கத்தில் நீங்கள் சொன்ன அதே பளபளப்புக் கோடு. ஸ்பின்டில்களில் ஆட்டம் இல்லை.

டயஃப்ரம், ஊசி, ஜெட், எஸ்யு பம்ப் வாங்கிவிட்டேன். எல்லாம் மாட்டிய பிறகு பேலன்ஸும் மிக்சரும் எப்படி?

---

ஊசிமுனை:

6, 6 என்பது அருமை. ஜெட் வாங்கும்போது முன் கார்புக்கும் பின் கார்புக்கும் தனித்தனி என்பதைக் கவனித்தீர்களா? நைலான் குழாய் போகும் பக்கம் வேறு.

முதலில் இரண்டு ஜெட்டையும் பாலத்தோடு, அதாவது கார்பு உடம்பில் பிஸ்டன் வந்து அமரும் இடத்தோடு, சமமாக வரும்வரை நட்டை மேலே ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். அதுதான் தொடக்கம்.

பேலன்ஸுக்கு இரண்டு கார்பையும் இணைக்கும் த்ராட்டில் கம்பியின் கிளாம்ப்களைத் தளர்த்துங்கள், சோக் கம்பியையும். இப்போது இரண்டும் தனித்தனி. ஐடில் திருகாணிகளைப் பட்டர்ஃப்ளை முழுக்க மூடும்வரை விட்டு, தொட்ட இடத்திலிருந்து இரண்டையும் ஒரு முழுச் சுற்று ஏற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும்.

காற்றோட்ட மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அரை மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்பு வாயில் இரண்டிலும் ஒரே இடத்தில் வையுங்கள். ஸ்ஸ் என்ற சீறல் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்கும்வரை, ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்கி, 750 முதல் 800 ஆர்பிஎம்முக்குள் கொண்டுவாருங்கள். கையேட்டில் 500 என்று இருக்கும். அவ்வளவு தாழ்வாக வைக்கத் தேவையில்லை.

மிக்சருக்கு, ஒவ்வொரு கார்பின் பக்கத்திலும் பிஸ்டனைத் தூக்கும் சிறு முளை உண்டு. அதை அழுத்தி, ஆட்டம் தீர்ந்து பிஸ்டனைத் தொட்ட பிறகு 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறியபடியே இருந்தால் மிக்சர் அதிகம், நட்டை ஒரு பட்டை மேலே. உடனே இறங்கித் தடுமாறினால் குறைவு, ஒரு பட்டை கீழே. ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. அதிகம் தூக்கினால் எந்த மிக்சரும் குறைவு போலத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். பேலன்ஸ் குழாய் இருப்பதால் ஒன்றில் மாற்றினால் மற்றதும் கொஞ்சம் மாறும். முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை போய் வர வேண்டும். வேலை மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால் 2500க்கு அரை நிமிடம் ஏற்றி, சேர்ந்த பெட்ரோலை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். நட்டைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் ஜெட்டை மேலே அழுத்தி நட்டோடு ஒட்ட வையுங்கள்.

முடிந்ததும் கிளாம்ப்களை இறுக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். த்ராட்டில் கம்பியின் முளை நுனிகள் கார்பு கைகளின் கவட்டைக்குள் உட்காரும். கம்பியின் ஸ்டாப்புக்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவில் 0.012 அங்குல ஃபீலர் கேஜ் வைத்து, முளை கவட்டையின் கீழ்க் கையை மெல்லத் தொடும் நிலையில் கிளாம்பை இறுக்குங்கள். கேஜை எடுத்ததும் ஐடிலில் முளைக்குச் சிறு இடைவெளி கிடைக்கும், பெடலை மிதித்தால் இரண்டும் ஒரே கணத்தில் திறக்கும். பிறகு 1500இல் குழாய் வைத்து மறுபடி கேளுங்கள். ஐடிலில் சமமாக இருந்து 1500இல் பிரிந்தால் கார்பில் குற்றமில்லை, கிளாம்பில்தான்.

சோக் கேபிளுக்கு 1/16 அங்குலம் தளர்ச்சி விடுங்கள். இல்லாவிட்டால் ஜெட் முழுக்க மேலே வராது.

---

பெட்ரோல்வாசம்:

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு: நிறுத்திய பிறகு எக்ஸாஸ்ட்டின் வெப்பம் மேலேறி ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிக்கிறது, ஜெட் வழியாக மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. நீங்கள் கார்பை இறக்கிப் பூட்டியதால் அடுக்கு வரிசையைப் பாருங்கள். மேனிஃபோல்டு, பேக்கிங், தடித்த கறுப்பு இன்சுலேட்டர் கட்டை, பேக்கிங், ஹீட் ஷீல்டு, பேக்கிங், கார்பு. கட்டை விட்டுப்போனாலோ விரிசல் விட்டிருந்தாலோ கார்பு மேனிஃபோல்டோடு சேர்ந்து வேகும். ஹீட் ஷீல்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த வெப்பத் தடுப்பு உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். நட்டுகளை இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஃப்ளேஞ்ச் வளைந்து அங்கேயே ஏர் லீக்.

அதுவரை, சூடாக ஸ்டார்ட் செய்யும்போது சோக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். பம்ப் அடிப்பது போல் மிதிக்க வேண்டாம். எஸ்யுவில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது, மிதித்து மிதித்து ஆவது ஒன்றுமில்லை.

---

குரோம்பம்பர்67:

ஐடில் 780இல் நிற்கிறது, ஆக்ஸிலேட்டரை விட்டதும் இறங்குகிறது. நான்கு ப்ளக்கும் இளம் பழுப்பு, 1க்கும் 2க்கும் நடுவில் மட்டும் சிறு நிற வேறுபாடு. வழிவது நின்றது. கட்டைகளில் ஒன்றில் விரிசல், மாற்றிவிட்டேன். ஆனால் 2000இல் சட்டென்று மிதித்தால் முன்னளவு இல்லையென்றாலும் இன்னும் ஒரு தும்மல் வருகிறது.

---

ஊசிமுனை:

ஒரே துளையைப் பகிர்ந்துகொள்ளும் சிலிண்டர்களுக்குள் அந்தச் சிறு வேறுபாடு இந்த ஹெட்டின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

தும்மலுக்கு அந்த ஏடிஎஃப். சட்டென்று மிதிக்கும்போது டேம்பர் பிஸ்டனைத் தடுத்து மெதுவாக ஏற விட வேண்டும். அந்த நொடியில்தான் ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடிக் கூடுதல் பெட்ரோல் வரும். ஆயில் நீர்த்திருந்தால் பிஸ்டன் துள்ளி ஏறிவிடும், காற்று முந்திக்கொள்ளும். ஏடிஎஃப்பை உறிஞ்சி எடுத்துத் துடைத்துவிட்டு எஸ்ஏஇ 20 ஆயில் விடுங்கள், பிஸ்டனின் உள்ளீடான தண்டின் மேல் விளிம்பிலிருந்து அரை அங்குலம் மேலே வரும்வரை. டேம்பரைச் செருகும்போது அதன் மூடி டேஷ்பாட்டிலிருந்து கால் அங்குலம் இருக்கையிலேயே கையில் எதிர்ப்பு தட்ட வேண்டும். டேம்பர் தண்டின் அடியில் உள்ள சின்னப் பித்தளைக் குழல் மேலும் கீழும் தளர்வாக நகர்கிறதா என்றும் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டிருந்தால் ஆயில் மாற்றியும் பயன் இராது.

---

குரோம்பம்பர்67:

முன் டேம்பரின் குழல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, பழைய ஆயில் பிசினாக இறுகியிருந்தது. தின்னரில் ஊறவைத்து விடுவித்தேன், இரண்டிலும் எஸ்ஏஇ 20 விட்டேன். மூன்றாவது கியரில் 2000இலிருந்து முழுக்க மிதித்தேன், தும்மல் இல்லை.